சின்னதாக ஒரு மியூசிக் சிஸ்டம் வாங்கப் போய்

எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் ஒரு சோபா, ஒரு டிவி, சுவரை ஒட்டி ஓர் இரும்பு பீரோ. விருந்தாளிகள் நாலு பேர் வந்துவிட்டால் ஐந்தாவது ஆள் வாசலில் நின்றபடிதான் காப்பி குடிக்க வேண்டும். அந்த அறைக்குப் பொருந்துகிற மாதிரி, இடத்தை அடைக்காத, சத்தம் சுத்தமாக வருகிற, கொடுத்த காசுக்கு ஏமாந்துபோகாத ஒரு மியூசிக் சிஸ்டம் வாங்குவதற்கு நான் அலைந்த மாதிரி வேறெதற்கும் அலைந்ததில்லை. எனக்குப் பெண் பார்த்தபோதுகூட மூன்றாவது வீட்டிலேயே முடிந்துவிட்டது.

மாநிலம் முழுக்க மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. எங்கள் பழைய டேப் ரெக்கார்டர் ஒருநாள் கேசட் நாடாவை இழுத்து உள்ளே சுருட்டிக்கொண்டு, அதோடு நின்றுபோனது. ரிப்பேர்காரர் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு இனிமே சாமான் கெடைக்காதுங்க, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார். எனக்கு அதில் வருத்தமில்லை. நான் சுரங்கத்தில் வேலை செய்தேன். நிலக்கரியைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடுகிற கன்வேயர் பெல்ட்டை இழுப்பதற்கு ஒரு கோடியில் பெரிய பெரிய மோட்டார்களும் கியர்களும் இருக்கும். டிரைவ் ஹெட் என்போம். இருபது வருஷத்துக்கு மேலாக அங்கேதான் எனக்கு ஷிஃப்ட். எட்டு மணி நேரம் இரும்பு இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு ஒரு மணி நேரமாவது நல்ல பாட்டு வேண்டும். நல்ல பெட்டியாக வாங்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

முதலில், சுரங்கத்துக்காரர்களுக்காகக் கட்டிய எங்கள் நகரியத்துக் கடைத்தெருவிலேயே ஒரு கடைக்குப் போனேன். மிக்சி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் விற்கிற கடை. முதலாளி என் வயதுக்காரர். வாடிக்கையாளர் யார் வந்தாலும் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டுத்தான் பேசுவார். அவர் எனக்குக் காட்டியது ஐந்து ஸ்பீக்கரும் தரையில் வைக்கிற ஒரு பெரிய சப்வூஃபரும் கொண்ட செட். முகப்பில் நீல விளக்கு. பெட்டியின் மேல் நாலு இலக்கத்தில் வாட்ஸ் என்று போட்டிருந்தது. அந்த அளவு நிஜமாக இருந்தால் எங்கள் டிரைவ் ஹெட்டுக்கே அதை வைத்துப் பெல்ட்டை ஓட்டியிருக்கலாம்.

"சார், இதைக் கேளுங்க, அப்புறம் பேசுங்க" என்று ஒரு குத்துப் பாட்டைப் போட்டார். கண்ணாடி அலமாரியில் இருந்த மிக்சி ஜார்கள் கிடுகிடுவென்று ஆடின.

"இந்த ஒதறலு எனக்கு வேணாங்க" என்றேன். "பாடறவங்க கொரல் தெளிவா வரணும். மணி அடிச்சா மணி மாதிரி கேக்கணும்."

"கொரல் வருதே சார்."

"வருது, கம்பளிக்குள்ளேர்ந்து வருது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சக தொழிலாளி ஒருவரிடம் இரவல் வாங்கிக் கையில் கொண்டுபோயிருந்த சிடியை எடுத்துக் கொடுத்தேன். பழைய சினிமாப் பாட்டுகள். அதில் நாலாவது பாட்டு எனக்கு மனப்பாடம். பல்லவி முடிந்து சரணம் ஆரம்பிப்பதற்கு முன்னால் வயலின்கள் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். அந்த இடைவெளியில், கம்பியை வளைத்துச் செய்த ஒரு சின்ன மணியை யாரோ ஒரே ஒரு முறை தட்டுவார்கள். 'டிங்' என்று மெல்லிசாக எழும்பி, காற்றில் நீண்டுகொண்டே போய்க் கரையும். அதற்குள் பாடகி மூச்சை இழுத்துக்கொண்டு சரணத்தைப் பிடிப்பார். கல்யாணத்துக்கு முன்னால் அறையில் தங்கியிருந்த காலத்தில் அந்த மணிக்காகவே அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவேன். மணி சரியாகக் கேட்கிற பெட்டிதான் நல்ல பெட்டி. இதுதான் நான் வைத்துக்கொண்ட பரீட்சை.

அந்தக் கடையில் இருந்த செட் ஒன்றிலும் மணி கேட்கவில்லை. வயலின்கள் நின்றன, வெறும் அமைதி, சரணம் வந்துவிட்டது.

அடுத்த வார ஓய்வு நாளில் கடலூருக்குப் பஸ் ஏறினேன். வடலூரும் குறிஞ்சிப்பாடியும் கடந்து போகிற அந்த பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, இரண்டே ஸ்பீக்கர், மரப்பெட்டி, சிடியும் பென்டிரைவும் போட வசதி என்று எனக்கு வேண்டியதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதினேன். கடலூர்க் கடைக்காரர் சீட்டை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "கரெக்டா இருக்கு சார் ஒண்ணு" என்று மேலே இருந்து இறக்கினார். சிடியைப் போட்டார். முதல் பாட்டு முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. நிலக்கரிச் சுரங்கமும் மின் நிலையமும் இருக்கிற ஊரிலிருந்து வருகிறேன் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"இன்னா சார், கரண்ட்டு உங்க ஊர்லதான் செய்யறீங்க, எங்களுக்கு அனுப்ப மாட்டறீங்களே" என்றார்.

ஜெனரேட்டரில் விளக்குகள் எரிந்தன. ஆனால் அது போட்ட சத்தத்தில் பாட்டைக் கேட்டு என்ன தெரிந்துகொள்வது? இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. நாலாவது பாட்டைப் போடச் சொன்னேன். மணி வர வேண்டிய இடத்தில் வரவில்லை.

"மணி அடிக்கலையே" என்றேன்.

"அடிச்சிதே சார்" என்றார் அவர். விற்கிறவன் அப்படித்தான் சொல்வான் என்று நினைத்தேன்.

புதுச்சேரியிலும் ஒரு கடை. அங்கே பாட்டுக் கேட்பதற்கென்றே தனி அறை, தரையில் கம்பளம், சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி. விற்பனையாளர் சின்னப் பையன் இல்லை, முடி நரைத்த மனிதர். அவர் போட்டுக் காட்டிய சின்ன செட்டின் விலை என் கைக்கு எட்டாதது. ஆனாலும் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். குரல் முன்னைவிடப் பக்கத்தில் வந்தது. மிருதங்கத்தின் இடது பக்கத் தட்டு நெஞ்சில் விழுந்தது. வயலின்கள் நின்றன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சரணம் வந்துவிட்டது.

"கேட்டீங்களா சார், எவ்ளோ துல்லியம்!" என்றார்.

எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. இத்தனை விலை சொல்லிவிட்டு, இல்லாததை இருக்கிறது என்று என் முகத்துக்கு நேராகவே சொல்கிறாரே. "கேட்டேன் கேட்டேன்" என்று சிடியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். திரும்பி வருகிற வழியில்தான் சிடி தேய்ந்துபோயிருக்கும் என்று தோன்றியது. புதுசாக ஒன்று வாங்கி இன்னொரு கடையில் போட்டுப் பார்த்தேன். அதிலும் அதே கதை. பென்டிரைவில் ஏற்றி வாங்கினேன். அதிலும் அதே. இப்போதெல்லாம் பாட்டைப் பதிவு செய்கிறவர்களே சரியில்லை, தயாரிக்கிற பெட்டிகளும் சரியில்லை, எல்லாம் உதறலுக்கு ஆசைப்படுகிறவர்களுக்காகச் செய்வது என்று சக தொழிலாளிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. இரைச்சலில் நான் சொன்னது அவர்களுக்கு எவ்வளவு காதில் விழுந்ததோ.

என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "மூணு மாசமா ஒரு பொட்டி வாங்க ஊர் ஊரா சுத்திகினு இருக்கீங்க. பாட்டு கேக்கத்தான வாங்கறது? ஏதோ ஒண்ண வாங்கியாங்க" என்றாள்.

கடைசியில் நகரியத்துக் கடைக்காரரிடமே போனேன். எனக்காக ஒரு சின்ன செட்டை வரவழைத்து வைத்திருந்தார். நடுவில் ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் மரத்தில் செய்த இரண்டு ஸ்பீக்கர், கையடக்கமான ரிமோட். அதிலும் மணி கேட்கவில்லை. ஆனால் பெட்டியில் ட்ரெபிளை, அதாவது மெல்லிசான உச்ச ஒலிகளை மட்டும், தனியாகக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தது. அதை முழுக்கத் திருப்பினால் பாட்டுக்குக் கொஞ்சம் உயிர் வருகிற மாதிரி இருந்தது. சரி, இருக்கிறதில் இதுதான் தேவலாம் என்று வாங்கி வந்தேன்.

பீரோவின் மேல் வைத்தேன். முதல் பாட்டிலேயே என் மனைவியின் முகம் மலர்ந்தது. இரண்டாவது பாட்டில், "ஏங்க, கொஞ்சம் கொறைங்க. காதுல ஊசி குத்தறாப்புல இருக்குது" என்றாள்.

"உனக்கு நல்ல சவுண்டு கேட்டுப் பழக்கமில்ல" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். அந்தத் திருகு பத்து நாள் அப்படியே முழுக்கத் திரும்பிய நிலையிலேயே இருந்தது. அவள் தலைவலி என்று இரண்டு தடவை மாத்திரை போட்டாள். எனக்கு அது உறைக்கவே இல்லை. என் கவலையெல்லாம், இவ்வளவு கூட்டியும் அந்த மணி வரவில்லையே என்பதில் இருந்தது.

பத்தாவது நாள் செட்டோடு வந்த புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பெட்டியிலிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம் வரும் என்று அதில் போட்டிருந்தது. அழுத்திப் பார்த்தேன். வரவில்லை. எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினேன். வேலை செய்தது, சத்தம் மட்டும் இல்லை. எனக்கு ஒருவித சந்தோஷமே வந்தது என்று சொல்ல வேண்டும். மூன்று மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இதோ சாட்சி. மட்டமான பெட்டியை என் தலையில் கட்டிவிட்டார்கள். செட்டை அட்டைப்பெட்டியில் போட்டு மொபெட்டில் கட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

சாயங்கால நேரம், கடையில் கூட்டம். மிக்சி வாங்க வந்த ஒரு அம்மா, ஃபேன் பார்த்துக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டி, இன்னும் இரண்டு மூன்று பேர். முதலாளி வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"டூப்ளிகேட் செட்டக் குடுத்துட்டீங்க" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன சார் ஆச்சு?"

"சவுண்டுலதான் தெளிவில்லன்னா, இதுல இருக்கற பீப் சத்தமே வரல. புக்குல போட்டிருக்கான், பாருங்க."

அவர் செட்டை எடுத்து மேஜைமேல் வைத்து ஒயரைச் செருகினார். ரிமோட்டை வாங்கி ஒரு பொத்தானை அழுத்தினார். என்னைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார்.

"அடிக்குதே சார்" என்றார்.

"எங்க அடிக்குது?"

மறுபடி அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. "பத்து பேர் முன்னாடி வச்சுப் பொய் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா? இத்தன வருஷமா இந்த ஊர்ல யாவாரம் பண்றீங்க, இப்படித்தான் ஆளுங்கள ஏமாத்தறீங்களா?" என்று கத்தினேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. மிக்சி வாங்க வந்த அம்மாதான் பேசினார்.

"அடிக்குதேப்பா. நல்லா கீ கீன்னு அடிக்குது. அவுரு என்னாத்துக்குப் பொய் சொல்லப் போறாரு?"

நான் ஃபேன் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். அவர் மனைவி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திரும்பிய விதத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருந்தால் யாரும் அப்படித் திரும்பிக்கொள்ள மாட்டார்கள். பரிதாபப்பட்டால்தான் அப்படிச் செய்வார்கள்.

செட்டை மறுபடி அட்டைப்பெட்டியில் வைத்தேன். முதலாளி ஒயரைச் சுருட்டிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியை பீரோமேல் வைத்து ஒயரைச் செருகிவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டேன். "நான் கண்ண மூடிக்கறேன். நீ ரிமோட்ட அழுத்து. சத்தம் கேக்கும்போது நான் கை தூக்கறேன்."

"இன்னா வெளையாட்டு இது? அடுப்புல கொழம்பு இருக்குது" என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரிமோட்டை வாங்கிக்கொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெகு நேரம் ஆன மாதிரி இருந்தது.

"எப்ப அழுத்தப்போற?" என்றேன்.

"அழுத்திகினேதாங்க இருக்கேன்" என்றாள். "இதோட பத்து தடவ."

கண்ணைத் திறந்தேன். அவள் ரிமோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் நான் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

எங்களுக்குக் காலாகாலத்தில் மருத்துவப் பரிசோதனை நடக்கும். காதுக்கும் உண்டு. கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்கிறபோது அழுத்த வேண்டும். பல வருஷங்களுக்கு முன்பே எனக்கு அதில் சில சத்தங்கள் கேட்காமல் போக ஆரம்பித்திருந்தன. காதில் குறை என்று எழுதிவிட்டால் டிரைவ் ஹெட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், எங்கேயாவது மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கருவியை இயக்குகிறவரின் தோள் லேசாக அசையும். அது அசைந்த கொஞ்ச நேரத்தில் நான் பொத்தானை அழுத்திவிடுவேன். ஒவ்வொரு தடவையும் தேறினேன். காதடைப்பான்களையும் ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் அவற்றைக் கழுத்தில் மாலை மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தேன். காதில் வைத்தால் கியரின் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது, பழுதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

சொல்லி முடித்ததும் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"சமையக்கட்டுலேர்ந்து கூப்புடுவேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்க. மனுசனுக்கு அவ்ளோ திமிருன்னு நெனச்சிகினு எத்தினி நாளு பேசாம இருந்திருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் வூட்டுக்கு வந்து, காது நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லுவீங்களே!"

அவள் எழுந்து போய், பத்து நாளாகத் தொட முடியாமல் இருந்த அந்தத் திருகை நடுவுக்குத் திருப்பினாள்.

மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இன்னொரு சண்டை என்று நினைத்திருப்பார். "தப்பு எம்மேலதாங்க. எனக்குத்தான் காது கேக்கல" என்றேன். அவர், "அட, இருக்கட்டும் சார், உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்தார். இந்தத் தடவை உட்கார்ந்தேன். என் மனைவி கடையில் இருந்த மற்ற சின்ன செட்டுகளையும் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிக் கேட்டாள். அரை மணி நேரத்தில் முடிவு சொல்லிவிட்டாள். "நம்ம வூட்டுல இருக்கறதே நல்லா இருக்குதுங்க. வெலைக்கு இது போதும்." மூன்று மாதம் மூன்று ஊரில் நான் கண்டுபிடிக்க முடியாததை அவள் அரை மணி நேரத்தில் சொன்னாள். அது சரிதானா என்று சோதித்துப் பார்க்க எனக்கு வழியே இல்லை. அதுதான் என்னை அன்றைக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல்படுத்தியது.

அடுத்த பரிசோதனையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்டதற்கு மட்டும் பொத்தானை அழுத்தினேன். டாக்டர் காகிதத்தில் இருந்த கோட்டைப் பார்த்தார். அது கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், பிறகு பள்ளத்தில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது.

"போன தடவ நல்லா இருந்துச்சேங்க? இவ்ளோ சீக்கிரமா இப்படி எறங்காதே."

"போன தடவ நான் கேட்டு அழுத்தல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "போனது திரும்ப வராதுங்க. மிச்சம் இருக்கறதக் காப்பாத்திக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

வீட்டில் பாட்டு ஓடுகிறது. என் மனைவி காலையில் பக்திப் பாட்டும் மத்தியானம் சினிமாப் பாட்டும் போடுகிறாள். எனக்கு அது கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் இருக்கிறது. வார்த்தைகளின் ஓரங்கள் எல்லாம் தேய்ந்து, பாடுகிறவர்கள் வாயில் எதையோ வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி. அவள் கடைக்குப் போகிற நேரங்களில் நான் திருகை முழுக்கக் கூட்டிவைத்துக் கேட்பேன். திரும்பி வந்ததும் அவள் நடுவுக்குத் திருப்பிவைப்பாள். ஒருநாள் அந்த நாலாவது பாட்டு ஓடியது. வயலின்கள் நின்ற இடத்தில் அவள் என் பக்கம் பார்த்து, 'இதோ' என்பது போல விரலை உயர்த்திக் காட்டினாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் என்னை டிரைவ் ஹெட்டிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். போல்ட்டு, நட்டு, பேரிங் எல்லாம் அடுக்கிவைத்திருக்கிற நீளமான கட்டடம். நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்கிற அமைதி என்று மற்றவர்கள் சொன்னார்கள். முதல் நாள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவரிடம், எந்த அலமாரியில் எந்தச் சாமான் இருக்கிறது என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏண்ணா இப்படிக் கத்தறீங்க? பக்கத்துலதான உக்காந்துகினு இருக்கேன்."

"நான் கத்தலையே" என்றேன்.

அதையும் கத்தித்தான் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. கட்டடத்தின் அந்தக் கோடியில் பேரிங் எண்ணிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.